செருப்பைக் கழட்டச் சொல்லுங்க, கூடவே உக்கார ஒரு ஸ்டூலும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, வீட்டுக்கு வர்றவங்க செருப்பை வாசல்லயே விடணும், விட யோசிக்கறவங்க நம்ம பழக்கவழக்கம் தெரியாதவங்க, அவங்ககிட்ட முகதாட்சண்யம் பாக்காம மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும்னு. அதுல முதல் பாதி எனக்கு முழு சம்மதம். ரெண்டாவது பாதியை படிச்சதும் மனசு கேக்கல, அதான் எழுத உக்காந்துட்டேன். நான் அரசு ஆஸ்பத்திரியில சர்ஜரி வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ. என் சர்வீஸ்ல நான் கட்டு போட்டது முக்காவாசி கால் புண்ணுக்கு தான், அதுலயும் சுகர்காரங்க கால். வாசல்ல செருப்பை விட யோசிச்சு நிக்கறவங்க எல்லாரும் திமிர் பிடிச்சவங்களோ நாகரிகம் தெரியாதவங்களோ இல்லைங்க. அதுல நெறைய பேரு வெறும் கால்ல நடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி அனுப்பினவங்க, அதை நாலு பேர் முன்னாடி சொல்ல கூச்சப்பட்டு நிக்கறவங்க.

கழட்டணும்ங்கறதுல எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது. எங்க வீட்லயும் செருப்பு வாசலோட சரி. நம்ம தெரு எந்த லட்சணத்துல இருக்குன்னு நமக்கே தெரியும், எச்சில், சாணி, நாய் அசிங்கம், ரெண்டு தூத்தல் போட்டா சாக்கடை ரோட்டுக்கு வந்துடும், அதை எல்லாம் மிதிச்சுட்டு வந்த செருப்போட ஹாலுக்குள்ள நடந்தா அதே தரையில தான் ராத்திரி பாய் விரிக்கறோம், இலை போட்டு சாப்பிடறோம், தவழற குழந்தை தரையை தடவின கையை அப்படியே வாயில வைக்குது. அதனால சொல்லத்தான் வேணும். ஆனா அந்த காலத்து வீட்ல இதை எப்படி வச்சிருந்தாங்கன்னு கொஞ்சம் நெனச்சு பாருங்க. வாசல்ல திண்ணை இருந்துச்சு, வந்தவங்க உக்காந்து செருப்பை கழட்டலாம். ஓரமா அண்டாவுல தண்ணி, மேல ஒரு சொம்பு. தூரத்துல இருந்து வந்தவங்களுக்கு வீட்டுக்காரங்களே சொம்புல தண்ணி மொண்டு கொடுப்பாங்க, கால் கழுவிக்கங்கன்னு. சரியா கால் கழுவாததால தான் நளனை சனி பிடிச்சுதுன்னு பாட்டிங்க சொல்லி சொல்லியே குதிகால் நனையற வரைக்கும் விடமாட்டாங்க. அதாவது செருப்பை கழட்ட சொன்னாங்க, பதிலுக்கு உக்கார இடமும் தண்ணியும் கொடுத்தாங்க. இப்ப அடுக்குமாடி வீட்ல திண்ணையும் போச்சு, அண்டாவும் போச்சு, 'காலணிகளை வெளியே விடவும்'னு கதவுல ஒட்டின ஸ்டிக்கர் மட்டும் மிச்சம் இருக்கு. ஒத்தை கால்ல நின்னு, ஒரு கையில பழப்பை, ஒரு கையால லிஃப்ட் பக்கத்து சுவத்தை பிடிச்சுகிட்டு, புது ஷூவோட லேஸை அவிழ்க்கற அறுவது வயசுக்காரரை பாத்தா எனக்கு பதறுது. விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா அப்புறம் யாரு பாக்கறது.

இப்ப சுகர் விஷயத்துக்கு வர்றேன், எனக்கு முக்கியமா சொல்ல வேண்டியது அது தான். ஐசிஎம்ஆர்னு சொல்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாடு முழுக்க எடுத்த சர்வே 2023ல வந்துச்சு, இந்தியாவுல 10 கோடி பேருக்கு மேல சுகர் இருக்கு, பெரியவங்கள்ல 100 பேர் எடுத்தா 11 பேருக்கு மேலன்னு. அப்படின்னா உங்க வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு 100 பேர் வந்தா அதுல பத்து பேராவது சுகர்காரங்க இருப்பாங்கன்னு வச்சுக்கங்க. எல்லாருக்கும் கால் கெட்டுப்போயிருக்காது, ஆனா சுகர் வந்து வருஷக்கணக்கா கட்டுப்பாடு இல்லாம இருந்தா நரம்பு பாதிக்கும், அதுலயும் உடம்புலயே நீளமான நரம்பு காலுக்கு போறது, அது தான் முதல்ல அடி வாங்கும். ஆரம்பத்துல எரிச்சல், ஊசி குத்தற மாதிரி இருக்கும், ராத்திரி தூக்கம் வராது. அப்புறம் மதமதன்னு ஆகும். அதுக்கப்புறம் ஒண்ணுமே தெரியாது. நெறைய பேரு எரிச்சல் நின்னதும் குணமாயிடுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க, ஆனா சில பேருக்கு எரிச்சல் நின்னதே நரம்பு சுத்தமா போயிட்டதால தான். ரப்பர் செருப்பு கால்ல இருந்து நழுவி பின்னாடி விழுந்து கிடக்கும், அது தெரியாமலே நாலு எட்டு நடந்து வந்துடுவாங்க, இதை எல்லாம் நான் வார்டுல சர்வ சாதாரணமா பாத்திருக்கேன்.

அந்த காலோட ஒரு வீட்டுக்குள்ள வெறுங்கால்ல நடக்கறாங்கன்னு வைங்க. வீடு சுத்தமா தானே இருக்குன்னு நாம நெனைப்போம். உடைஞ்ச வளையல் துண்டு, தையல் மிஷின் கிட்ட விழுந்த ஊசி, காலண்டர்ல இருந்து விழுந்த குண்டூசி, மீன் முள்ளு, பசங்க விளையாடற பிளாஸ்டிக் சாமானோட கூர் முனை, ஊதுபத்தி நெருப்பு, மாடியில மதிய வெயில்ல காஞ்ச தளம், இதுல எது பட்டாலும் நமக்கு 'ஆ'ன்னு கால் தானா எகிறும். அவங்களுக்கு எகிறாது. குத்தினது உள்ளயே இருக்கும், அதே காலோட பஸ் ஏறி வீட்டுக்கு போய் சமைச்சு சாப்பிட்டு படுத்துடுவாங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு தரையில ரத்தக்கறை பாத்து வீட்ல யாராவது சொல்லுவாங்க, இல்லன்னா வாடை அடிக்கும், காய்ச்சல் வரும். அப்ப தான் ஆஸ்பத்திரிக்கு வருவாங்க. ஏற்கனவே ரத்த ஓட்டமும் குறைஞ்சிருந்தா புண்ணு ஆறவே ஆறாது, விரலை எடுக்கணும்பாங்க, சில பேருக்கு முழங்காலுக்கு கீழ. நல்லா நடந்து வந்த மனுஷன் ஒத்தை காலோட டிஸ்சார்ஜ் ஆகி போறதை பாத்துகிட்டு நின்னவ நான். அதுக்கு ஆரம்பம் எதுன்னு கேட்டா பாதி பேருக்கு சொல்லவே தெரியாது, வலிச்சா தானே தெரியும்.

டயபட்டிக் கால் பத்தி உலக அளவுல டாக்டருங்க குழு ஒண்ணு வழிகாட்டுதல் போடறாங்க, கடைசியா 2023ல புதுப்பிச்சாங்க. அதுல தெளிவா இருக்கு, கால் உணர்ச்சி போனவங்க வெறுங்கால்ல நடக்கக்கூடாது, வெறும் சாக்ஸோட நடக்கக்கூடாது, மெல்லிசான ஸ்லிப்பரோடயும் நடக்கக்கூடாது, வெளிய மட்டும் இல்ல வீட்டுக்குள்ளயும். நம்ம ஊர் டாக்டருங்களும் இதையே தான் சொல்லி அனுப்பறாங்க. ஆனா நோயாளி அதை எங்க போய் கடைப்பிடிப்பாரு. சொந்த வீட்லயே மாமியார் ஒத்துக்க மாட்டாங்க, மருமக ஒத்துக்க மாட்டா, அடுத்தவங்க வீட்ல போய் எப்படி கேப்பாரு.

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லணும், இது நம்ம தமிழ்நாட்டுக்கு பெருமையான விஷயம். வலி தெரியாத காலுக்கு தனியா செருப்பு வேணும்ங்கற வேலை பெருசா நடந்தது நம்ம வேலூர் பக்கம் தான். 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோய்க்காரங்க விரல் எல்லாம் அழிஞ்சு போறது நோய் நேரா தின்னு இல்ல, வலி தெரியாம திரும்ப திரும்ப படற காயத்தால தான்னு எடுத்துச் சொன்னாரு. அந்த காலை காப்பாத்த மெத்துன்னு இருக்கற ரப்பர்ல செருப்பு செஞ்சு கொடுக்கற வேலை வேலூர், கரிகிரி ஆஸ்பத்திரிங்கள்ல நடந்துச்சு. இன்னிக்கு சுகர்காரங்களுக்கு எழுதி கொடுக்கற எம்சிஆர் செருப்பு, அதாவது மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு, அந்த வழியில வந்தது தான். குதிகாலுக்கு பின்னாடி வார் இருக்கும், நழுவாது, ஆணி அடிக்க மாட்டாங்க, உள்பக்கம் அழுத்தினா அமுங்கும். பெரும்பாலும் கருப்பு கலர்ல, பாக்க அழகா இருக்காது, உண்மை தான். அதனாலயே பொம்பளைங்க கல்யாணம் காதுகுத்துக்கு அதை போட்டுகிட்டு வர மாட்டேங்கறாங்க, பாக்கறவங்க பெருவியாதி செருப்புன்னு சொல்லிடுவாங்களாம். இவ்வளவு கூச்சத்தையும் தாண்டி ஒரு அம்மா அந்த செருப்பை போட்டுகிட்டு உங்க வீட்டுக்கு வந்து நிக்கறாங்க, நீங்க வாசல்ல 'செருப்பு, செருப்பு'ன்னு விரலை நீட்டறீங்க. அவங்க என்ன பண்ணுவாங்க. சத்தமில்லாம கழட்டி வச்சுட்டு உள்ள வந்துடுவாங்க. வராம திரும்பி போயிடறவங்களும் இருக்காங்க.

வீடாவது பரவாயில்ல, தெரியாம செய்யறாங்க. எனக்கு பொறுக்கவே முடியாதது கிளினிக், ஸ்கேன் சென்டர், ரத்தம் எடுக்கற லேப், பல் ஆஸ்பத்திரி. எங்க ஏரியாவுல ஒரு கிளினிக், வெளிய போர்டுல சர்க்கரை நோய் சிகிச்சைன்னு பெருசா போட்டிருக்கு, அதே வாசல்ல செருப்பு குவியல். உள்ள வரிசையா சுகர்காரங்க எல்லாம் வெறுங்கால்ல உக்காந்திருக்காங்க. அதுல ஒருத்தருக்கு கட்டை விரல்ல கட்டு, அந்த கட்டோட தரையில கால் வச்சிருக்காரு. ஊசி போடற இடம், ரத்தம் சிந்தற இடம், புண்ணு உள்ளவங்க வந்து போற இடம், அங்க போய் செருப்பை கழட்டிட்டு நடன்னு சொல்றது என்ன சுத்தம்னு எனக்கு இத்தனை வருஷ சர்வீஸ்ல புரியல. ஆபரேஷன் தியேட்டருக்கு தனி செருப்பு உண்டு, அது வேற, அங்கயும் யாரும் வெறுங்கால்ல நிக்கறது இல்ல பாருங்க, உள்ளயே போட்டுக்க செருப்பு வச்சிருப்பாங்க. சாதாரண வெயிட்டிங் ஹாலுக்கு என்னத்துக்கு இது. தரையை துடைக்கற வேலையை மிச்சம் பண்றதுக்கு நோயாளி காலை பணயம் வைக்கறாங்கன்னு தான் நான் சொல்லுவேன். தினமும் ரெண்டு வேளை லைசால் போட்டு மாப் போடுங்க, வாசல்ல நல்லா அழுக்கை வழிக்கற மாதிரி தேங்காய் நார் மிதியடி பெருசா போடுங்க, அது போதும். முடியலையா, எம்சிஆர் செருப்பு போட்டவங்க கழட்ட வேண்டாம்னு அந்த போர்டுக்கு கீழயே இன்னொரு வரி எழுதுங்க. அரசாங்கமே 'பாதம் பாதுகாப்போம்'னு பேர் வச்சு சுகர்காரங்க காலை டெஸ்ட் பண்ற திட்டம் கொண்டாந்திருக்கு, அப்புறமும் தனியார் கிளினிக் வாசல்ல இப்படி இருந்தா என்ன அர்த்தம்.

வேலை செய்ய வர்றவங்க விஷயம் இன்னொண்ணு. கேஸ் சிலிண்டர் போட வர்ற தம்பி. சிலிண்டர்ல கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போட சேத்தா கிட்டத்தட்ட 30 கிலோ வரும். அதை தோள்ல தூக்கிட்டு மூணு மாடி ஏறி வர்றவன்கிட்ட செருப்பை கழட்டுன்னு சொல்றோம், ஈரமான கிச்சன் டைல்ஸ்ல வழுக்கி அந்த சிலிண்டர் வெறும் கால் விரல் மேல விழுந்தா விரல் மிஞ்சுமா. எலக்ட்ரீஷியன் வர்றாரு, ரப்பர் அடி வச்ச செருப்பு தான் அவருக்கு பாதுகாப்பு, அதை கழட்டிட்டு பாத்ரூம் ஹீட்டரை பாக்க சொல்றோம், ஈரத்தரையில வெறுங்கால்ல நின்னு கரண்ட் வேலை பாக்க சொல்றது கொலைக்கு சமானம், நான் கடுமையா சொல்றதா நெனைக்க வேண்டாம். ஏசி மெக்கானிக் இரும்பு ஏணியில வெறுங்கால்ல ஏறி நிப்பாரு. இவங்களுக்கு எல்லாம் ஒண்ணு பண்ணலாம், வாசல்ல இருந்து வேலை நடக்கற இடம் வரைக்கும் பழைய பெட்ஷீட்டோ சாக்கோ விரிச்சு விடுங்க, அது மேல நடந்து வரட்டும், போனதும் உதறி துவைச்சுக்கலாம். அப்படி இல்லன்னா ஈரத்துணி கொடுத்து அடியை துடைச்சுக்க சொல்லுங்க. அரை மணி நேரத்துல நாம தரையை துடைச்சுடலாம்.

அது மட்டும் இல்ல, நம்ம ஊர்ல இந்த செருப்பு சட்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கான்னு நெஞ்சுல கை வச்சு கேக்கணும். பையனோட ஆபீஸ் மேனேஜர் ஷூ போட்டுகிட்டு வந்து 'கழட்டணுமா'ன்னு குனிஞ்சா 'அய்யோ பரவாயில்ல சார் அப்படியே வாங்க'ங்கறோம். பிளம்பர் கேக்காமலே கழட்டிட்டு வரணும். வீட்டு வேலைக்கு வர்ற அம்மா மழையில கூட செருப்பை மாடிப்படிக்கு கீழ விட்டுட்டு ஏறி வரணும். ரெண்டு செருப்பும் ஒரே ரோட்டுல தானே நடந்து வருது. செருப்புங்கறது நம்ம மண்ணுல ரொம்ப நாளா யாரு மேல யாரு கீழன்னு காட்டற விஷயமா இருந்திருக்கு, சில தெருவுல சில ஜனங்க செருப்பை கையில தூக்கிட்டு தான் நடக்கணும்னு வச்சிருந்தாங்க, அது ஏதோ தாத்தா காலத்து கதைன்னு நெனைக்காதீங்க, திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் தாலுகா ராஜாவூர்ல 2023 டிசம்பர்ல தான் தலித் மக்கள் அந்த தடையை மீறி ஒரு தெருவுல செருப்பு போட்டு நடந்தாங்கன்னு பேப்பர்ல வந்துச்சு. அப்படிப்பட்ட ஊர்ல ஒருத்தர்கிட்ட செருப்பை கழட்டுன்னு சொல்லும்போது அவங்க காதுல அது எப்படி விழும்னு சொல்றவங்களுக்கு யோசனை வேணும். எங்க வீட்ல நான் வச்சிருக்கற வழக்கம், ஆள் பாத்து மாத்தறது கிடையாது. வார்டு கவுன்சிலர் வந்தாலும் கழட்டுவாரு, கீரை விக்கற அக்கா உள்ள வந்து தண்ணி குடிச்சாலும் கழட்டுவாங்க, முடியாதவங்க யாரா இருந்தாலும் போட்டுகிட்டே வரலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல 2021ல இருந்து பொம்பளை பிள்ளைங்க வீடு வீடா வந்து பிரஷர் பாத்து மாத்திரை கொடுக்கறாங்க தெரியுமில்லையா, அவங்க ஒரு நாள்ல எத்தனை வாசல்ல செருப்பை கழட்டி மாட்டறாங்கன்னு பாத்தா பாவமா இருக்கும். வாசல்லயே ஒரு சேர் போட்டு, அங்கயே பிரஷர் பாத்துக்கலாம்மா, நீ கழட்ட வேண்டாம்னு சொன்னா அந்த பொண்ணுக்கு எவ்வளவு ஆறுதலா இருக்கும்.

சரி, எப்படித்தான் சொல்றது. எனக்கு தெரிஞ்சவரைக்கும் கதவுல ஒட்டற போர்டு வேண்டவே வேண்டாம், அது ஆபீஸ்ல ஒட்டறது, வீட்டுக்கு அழகு இல்ல. வர்றவங்களை பாத்ததும் முதல் வார்த்தை 'வாங்க வாங்க'ன்னு இருக்கணும், செருப்பு பேச்சு ரெண்டாவது தான் வரணும். 'இப்படி உக்காருங்க, செருப்பை இந்த ஸ்டாண்டுல வச்சுடலாம், நாய் தூக்கிட்டு போயிடும்'னு நாமே கை காட்டி, பையை வாங்கிக்கணும். பெரியவங்களா இருந்தா கூடவே 'கால்ல ஏதும் தொந்தரவு இருந்தா கழட்ட வேணாம்ங்க, உள்ள போட்டுக்க செருப்பு வச்சிருக்கேன்'னு கேட்டுடணும், அவங்க வாயை திறந்து கேக்க மாட்டாங்க, நாம தான் முந்திக்கணும். வாசல் பக்கத்துல முழங்கால் உசரத்துக்கு ஒரு ஸ்டூல், ஆடாத ஸ்டூலா இருக்கணும், பிளாஸ்டிக் முக்காலி வழுக்கிட்டு போகும். சுவத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி இருந்தா இன்னும் நல்லது, முழங்கால் ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு அது இல்லாம எந்திரிக்க முடியாது. பக்கத்துல வெளி குழாய் இருந்தா கால் கழுவ தண்ணி, துடைக்க துண்டு. சில பேரு சாக்ஸ் கிழிஞ்சிருக்கும், கால்ல பித்தவெடிப்பு இருக்கும், அதுக்கு கூச்சப்பட்டு தயங்குவாங்க, அவங்க கழட்டும்போது காலையே பாத்துகிட்டு நிக்காதீங்க, உள்ள திரும்பி 'தண்ணி கொண்டாம்மா'ன்னு குரல் கொடுத்துடுங்க.

ஜப்பான்காரங்க இதுல நமக்கு மேல. அவங்க வீட்லயும் செருப்பு ஷூ உள்ள வராது, ஆனா வாசல்ல நுழைஞ்சதும் ஒரு படி தாழ்வா தனி இடமே கட்டியிருப்பாங்க, ஷூ வைக்க அலமாரி இருக்கும், விருந்தாளிக்குன்னு உள்ள போட்டுக்க ஸ்லிப்பர் எடுத்து வச்சிருப்பாங்க, கழிவறைக்குன்னு வேற ஸ்லிப்பர். கழட்டின ஷூவை வாசலை பாத்த மாதிரி திருப்பி வைப்பாங்க, கிளம்பும்போது அப்படியே காலை நுழைச்சுட்டு போகலாம். கழட்ட சொல்றதோட விஷயம் முடியல, வர்றவங்க காலுக்கு என்ன வேணும்னு வீடு கட்டும்போதே யோசிச்சிருக்காங்க. நம்ம பில்டருங்க மாடுலர் கிச்சன், பால்கனி எல்லாம் காட்டறாங்க, கதவுக்கு பக்கத்துல ரெண்டடி இடம் செருப்புக்கு விடுன்னா விட மாட்டாங்க. அதனால அடுக்குமாடியில எல்லா செருப்பும் பொது வராந்தாவுல கிடக்குது, ராத்திரி கரண்ட் போனா தடுக்கி விழணும். சிங்கப்பூர்ல வீட்டு வசதி வாரிய பிளாட்டுங்கள்ல நெறைய பேரு ஷூவை வாசலுக்கு வெளிய தான் வைக்கறாங்க, ஆனா தீ பிடிச்சா ஓடறதுக்கு வராந்தாவுல 1.2 மீட்டர் வழி காலியா விடணும்னு ரூல் இருக்கு. நம்ம அசோசியேஷன் மீட்டிங்ல கார் பார்க்கிங் சண்டையை முடிச்சுட்டு இதையும் கொஞ்சம் பேசலாம்.

வீட்ல விருந்தாளிக்கு செருப்பு வைக்கறதுன்னா எது வேணா வச்சுட முடியாது. பாத்ரூம் போற பழைய செருப்பை எடுத்து போடறதுக்கு அவங்க வெறுங்கால்லயே வரலாம். பெரிய சைஸ் ஒரு ஜோடி, சின்ன சைஸ் ஒரு ஜோடி, அடி கெட்டியா, உள்பக்கம் மெத்துன்னு, பின்னாடி வார் வச்சதா பாத்து வாங்குங்க, ஒருத்தர் போட்டதும் சோப்பு போட்டு கழுவி வெயில்ல காய வச்சுடணும், சேத்துப்புண்ணு ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு தொத்தும். இதை விட நல்ல வழி, சுகர் உள்ளவங்க ரெண்டு ஜோடி வச்சுக்கறது, வெளிய போட ஒண்ணு, உள்ள போட ஒண்ணு. உள்ள போடறதை ஒரு துணிப்பையில போட்டு எடுத்துட்டு போயிடலாம். எங்க சின்னம்மா அப்படித்தான் பண்றாங்க, யார் வீட்டு வாசல்லயும் ஸ்டூல்ல உக்காந்து வெளிச்செருப்பை கழட்டி, பையில இருந்து உள்செருப்பை எடுத்து மாட்டிகிட்டு, 'எனக்கு கால்ல உணர்ச்சி இல்ல, டாக்டர் உத்தரவு, இது ரோட்டுல படாத செருப்பு'ன்னு சத்தமா சொல்லிட்டு தான் உள்ள போவாங்க. பூஜை ரூம் பக்கம் மட்டும் போக மாட்டாங்க, ஹால்ல இருந்தே கும்பிட்டுக்குவாங்க. இதுவரைக்கும் ஒரு வீட்லயும் யாரும் முகம் சுளிச்சது இல்ல. சொன்னா புரிஞ்சுக்கறாங்க ஜனங்க, சொல்லாததால தான் தெரியல.

கோயில் விஷயம் நான் பேச வரல, அங்க செருப்பு போடுங்கன்னு யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனா கோடையில உச்சி வெயில்ல கருங்கல் தரையில நடந்து உள்ளங்கால் முழுக்க கொப்புளத்தோட வார்டுக்கு வந்தவங்க உண்டு, அவங்களுக்கு சுட்டதே தெரியல. தேங்காய் நார் விரிப்பு, வெள்ளை பெயிண்ட் அடிச்ச பாதை எல்லாம் போடறாங்க, நல்லது தான், அதை விட்டு விலகி நடக்காதீங்க, காலையில வெயில் ஏறறதுக்குள்ள போய்ட்டு வந்துடுங்க, கெட்டியான சாக்ஸ் போட்டுக்க விட்டா போட்டுக்கங்க, முழு பாதுகாப்பு இல்லன்னாலும் வெறுங்காலுக்கு தேவலாம். கால் உணர்ச்சி போனவங்க திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர் வெறுங்கால்ல சுத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கல்யாண மண்டபம் கோயில் கிடையாது. மேடை ஏறி மொய் கொடுக்கறதுக்கு செருப்பை கழட்டணும்னா மேடைக்கு கீழயே கழட்டிக்கலாம், மண்டபத்து வாசல்லயே எல்லாரும் விடணும்னு சொல்லி, பந்தி முடிஞ்சு வெளிய வந்தா ரெண்டு மணி வெயில்ல தார் ரோட்டுல நின்னு தொலைஞ்ச செருப்பை தேடற நிலைமை வேண்டாம்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். உங்க பேப்பர்ல வாராவாரம் மருத்துவ பக்கம் வருது, அதுல கால் உணர்ச்சி டெஸ்ட் பத்தி ஒரு தடவை படத்தோட போடுங்க. ரொம்ப சுலபமான டெஸ்ட், மீன் பிடிக்கற தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை, அது வளையற அளவுக்கு உள்ளங்கால்ல சில இடத்துல அழுத்துவாங்க, அழுத்தம் 10 கிராம், கண்ணை மூடிகிட்டு தெரியுதா இல்லையான்னு சொல்லணும், அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. சுகர் இருக்கறவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது பண்ணிக்கணும். அந்த இழை தெரியலைன்னு சொன்னவங்க இனிமே யார் வீட்லயும் வெறுங்கால்ல நடக்க வேண்டாம், தைரியமா சொல்லுங்க. போன வாரம் எழுதின வாசகர் அண்ணனுக்கும் இதையே தான் கேட்டுக்கறேன், உங்க வீட்டு வாசல்ல ஸ்டிக்கரை எடுத்துட்டு ஒரு ஸ்டூல் போட்டு பாருங்க. எங்க ஏரியா கிளினிக்குக்கு இந்த கடிதத்தோட ஒரு காப்பியை நானே கொண்டு போய் ரிசப்ஷன்ல கொடுக்கப் போறேன். அவங்க கேக்கலைன்னா மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுதுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ்,
உறையூர், திருச்சி.